ஸ்லூ கிரீக் நாட்குறிப்பு: கரடிகள் உலவும் காட்டுக்கு எதை எடுத்துச் செல்வது?

வியாழன், கார்டினர்

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வடக்கு வாசலை ஒட்டி, மொன்டானா மாநிலத்தில் இருக்கும் சிற்றூர் கார்டினர். சனிக்கிழமை காலை இங்கிருந்து புறப்பட்டு, ஸ்லூ கிரீக் ஆற்றை ஒட்டி வடக்கு நோக்கிப் போகும் தடத்தில் முதுகுப்பையுடன் நடந்து, சாலையே இல்லாத உட்பகுதியில் கூடாரமடித்துத் தங்கித் திரும்புவதாகத் திட்டம். நான், என் மனைவி, மூத்த நண்பர் ஒருவர், அவருடைய தம்பி என நால்வர் வந்திருக்கிறோம். இது செப்டம்பர் மாதத் தொடக்கம். குளிர்கால உறக்கத்துக்குள் நுழையும் முன் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்வதற்காகக் கரடிகள் நாளின் பெரும்பகுதியைத் தின்பதிலேயே கழிக்கும் பருவம். ஆகவே, எந்தக் கூடாரம், எந்தக் காலணி என்பதைவிட, கரடியிடமிருந்து எங்களைக் காத்துக்கொள்ள எதை எடுத்துச் செல்வது என்ற கேள்விதான் இன்று முழுவதும் எங்கள் பேச்சில் இருந்தது.

கரடி ஸ்ப்ரே என்பது, பாய்ந்துவரும் கரடியின் முகத்தை நோக்கி மிளகாய்ச் சாற்றைப் பீச்சும் அழுத்தக் கேன். அதை அமெரிக்காவில் பயணிகள் விமானத்தில் கொண்டுவர இயலாது. கைப்பையில் மட்டுமல்ல, சரக்காக ஒப்படைக்கும் பெட்டியிலும் அதற்கு அனுமதி இல்லை. விமானத்தில் வருவோர் இங்கே வந்துதான் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். ஒரு கேன் நாற்பது ஐம்பது டாலர் ஆகிறது. ஆளுக்கு ஒன்று என்று நான் சொன்னபோது மூத்த நண்பர் உடன்படவில்லை. அவர் பல ஆண்டுகளாக உரிமத்துடன் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர், தவறாமல் பயிற்சிக் களத்துக்குப் போகிறவர். "முந்நூறு கிலோ எடையுள்ள ஒரு விலங்கு பாய்ந்து வரும்போது மிளகாய்ச் சாற்றை நம்பி நிற்கச் சொல்றீங்களா?" என்று அவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. உணர்ச்சியால் அல்லாமல் விவரங்களால் பதில் சொல்லவேண்டிய கேள்வியும்கூட.

சட்டத்தை முதலில் பார்த்தோம். 2010 பிப்ரவரி முதல், அந்தந்த மாநிலச் சட்டம் அனுமதிக்கும் துப்பாக்கியை அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குள் வைத்திருக்கலாம். ஆனால் யெல்லோஸ்டோனுக்குள் அதைச் சுடுவது தடை செய்யப்பட்டது. எனவே எடுத்துச் செல்வதில் சட்டச் சிக்கல் இல்லை. சிக்கல் பயனில்தான் இருக்கிறது.

டாம் ஸ்மித்தும் ஸ்டீவன் ஹெரேரோவும் சக ஆய்வாளர்களும் அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை கரடி ஸ்ப்ரே தொடர்பான 83 நிகழ்வுகளைத் திரட்டி 2008-இல் வெளியிட்டார்கள். பழுப்புக் கரடிகளின் விரும்பத்தகாத நடத்தையை ஸ்ப்ரே நூற்றுக்கு 92 முறையும், கருங்கரடிகளுடையதை 90 முறையும் தடுத்திருந்தது. மிக நெருக்கத்தில் கரடியை எதிர்கொண்டு ஸ்ப்ரேயைக் கையில் வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பியிருந்தார்கள். காற்று இடையூறு செய்த நிகழ்வுகள் சில இருந்தாலும், அவற்றிலும் ஸ்ப்ரே கரடியைச் சென்று சேர்ந்திருந்தது. அதே ஆய்வாளர்கள் 2012-இல் துப்பாக்கி தொடர்பான 269 நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, கைத்துப்பாக்கி 84 விழுக்காடும் நீளத் துப்பாக்கி 76 விழுக்காடும் பயன்பட்டதாகக் கண்டார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் இடையே காயத்தின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை என்பதுதான் அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்த முடிவு.

இந்த இரண்டு தொகுப்புகளையும் அருகருகே வைத்து எண்களை மட்டும் ஒப்பிடுவது சரியாகாது. துப்பாக்கி நிகழ்வுகளில் கரடி ஏற்கெனவே பாய்ந்துவிட்ட கடுமையான தருணங்கள் கூடுதலாக இருந்திருக்கக்கூடும். நான் ஸ்ப்ரே பக்கம் சாய்வதற்குக் காரணம் வேறு. இங்குள்ள பழுப்புக் கரடியான கிரிஸ்லி மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடக்கூடியது. முப்பது மீட்டர் தொலைவிலுள்ள புதரிலிருந்து அது கிளம்பினால் நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டு நொடி. மேடுபள்ளத்தில் தலையைத் தாழ்த்தியபடி குதித்து வரும் உடலில், மூளையோ முதுகெலும்போ இருக்கும் சிறிய இடத்தைப் பார்த்து அந்த இரண்டு நொடியில் சுடுவதற்கு, களத்தில் தாள் இலக்கைச் சுட்டுப் பழகிய கை போதாது. ஸ்ப்ரேக்கு அத்தனை குறி வேண்டாம். அது நமக்கும் கரடிக்கும் இடையே ஒரு மேகத்தை எழுப்புகிறது. கரடி தானாகவே அதற்குள் ஓடிவந்து நுழைகிறது. குறி தவறிக் காயப்பட்ட கரடி முன்னைவிட ஆபத்தானது. கண்ணும் மூக்கும் எரிந்து ஓடிய கரடியோ சற்று நேரத்தில் தேறிவிடும். இந்தக் கடைசிக் காரணத்தை நான் மெதுவான குரலில்தான் சொன்னேன், ஆனால் எனக்கு அதுவே முதன்மையானது. 1975-இல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கான சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தபோது இந்த வட்டாரத்தில் நூற்று முப்பத்தாறு கிரிஸ்லிகள்தான் எஞ்சியிருந்ததாகக் கணக்கிடப்பட்டது. இன்று அது ஆயிரத்தை ஒட்டியிருப்பதற்கு ஐம்பது ஆண்டு உழைப்பு பின்னால் இருக்கிறது.

நண்பர் நெடுநேரம் யோசித்துவிட்டு, துப்பாக்கியை விடுதிப் பெட்டகத்திலேயே வைத்துவிடுவதாகச் சொன்னார். நான்கு கேன்கள் வாங்கினோம்.

வாங்கும்போது உறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தெருவில் தற்காப்புக்காக வைத்துக்கொள்ளும் சிறிய மிளகு ஸ்ப்ரே இதற்கு உதவாது. "கரடிகளை விரட்ட" என்ற சொல்லும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பதிவு எண்ணும் கேனில் இருக்கவேண்டும். மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் வகைப் பொருள்கள் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை இருக்கும். குறைந்தது 225 கிராம் கொள்ளளவு, ஏழரை மீட்டராவது பாயும் வீச்சு, ஆறு நொடியாவது நீடிக்கும் பீச்சல் ஆகியவை கிரிஸ்லி கரடிகளுக்கான அரசுத் துறைகளின் கூட்டுக் குழு பரிந்துரைக்கும் அளவுகள். அடியில் காலாவதித் தேதி அச்சிடப்பட்டிருக்கும். காரம் குறைவதைவிட, உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் கசிந்து குறைவதற்காகத்தான் அந்தத் தேதி. இந்த ஸ்ப்ரே பிறந்ததும் இதே மாநிலத்தில்தான்: 1980-களின் தொடக்கத்தில் மிசூலாவிலுள்ள மொன்டானா பல்கலைக்கழகத்தில் கேரி ஹன்ட் என்ற ஆய்வு மாணவி, கரடியைக் கொல்லாமல் திருப்பி அனுப்பும் வழிகளைச் சோதித்தபோது மிளகாய்ச் சாறு மற்ற அனைத்தையும்விட நன்றாக வேலை செய்வதைக் கண்டார்.

வெள்ளி, மாமத்

உட்பகுதியில் தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். இங்கே நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது, ஒதுக்கப்பட்ட முகாமில்தான் தங்கவேண்டும். பூங்காவுக்குள் இருக்கும் மாமத் அலுவலகத்தில் ரேஞ்சர் (பூங்காக் காவலர்) வரைபடத்தை விரித்து, எங்கள் முகாமுக்கு அருகே சமீபத்தில் கரடி நடமாட்டம் எங்கெல்லாம் இருந்தது என்று பென்சிலால் தொட்டுக் காட்டினார். கரடியிடமிருந்து குறைந்தது 91 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது விதி. மூவருக்குக் குறையாத குழுவாக நடப்பது பரிந்துரை. 2011-இல் இந்தப் பூங்காவுக்குள் கரடியால் இறந்த இருவரில் ஒருவரும், 2015-இல் இறந்தவரும் தனியாக நடந்துபோனவர்கள். குழுவின் பேச்சொலியே கரடியை முன்கூட்டி எச்சரித்து விலகிப்போகச் செய்துவிடுகிறது.

அதன் பிறகு பேச்சு உணவின் பக்கம் திரும்பியது. பாதுகாப்பு என்றதும் எல்லாரும் கையில் ஏந்தும் பொருளையே நினைக்கிறார்கள். ஆனால் உணவை எப்படி வைக்கிறோம் என்பதில்தான் பாதிப் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. 1967 ஆகஸ்ட் 13 அதிகாலையில், கிளேசியர் தேசியப் பூங்காவின் இரண்டு வெவ்வேறு இடங்களில், பத்தொன்பது வயதுப் பெண்கள் இருவர் கிரிஸ்லிகளால் கொல்லப்பட்டார்கள். அந்தப் பகுதிகளில் கரடிகள் மனிதரின் குப்பையையும் எச்சில் உணவையும் தின்று பழகியிருந்தன. அதன்பின்தான் பூங்காக்கள் குப்பைமேடுகளை மூடி, உணவைப் பூட்டிவைக்கும் இன்றைய விதிகளைக் கொண்டுவந்தன. மனித உணவின் சுவை கண்ட கரடி பெரும்பாலும் கொல்லப்படுகிறது. ஒரு கவனமில்லாத இரவு உணவுக்கு அதன் உயிரை விலையாகக் கொடுப்பது எனக்குப் பொறுக்க முடியாத ஒன்று.

யெல்லோஸ்டோனின் முகாம்களில் பெரும்பாலானவற்றில் உணவைத் தொங்கவிடக் குறுக்குக் கம்பம் உண்டு. தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்திலும், மரத்திலிருந்தோ தூணிலிருந்தோ ஒன்றேகால் மீட்டர் விலகியும் பை தொங்கவேண்டும். கயிற்றை நாமே கொண்டுபோக வேண்டும். அதற்கு மாற்று, கேனிஸ்டர் எனப்படும் கெட்டியான பிளாஸ்டிக் உருளை. நான்கு பேருக்கும் சேர்த்து இரண்டு எடுத்துக்கொண்டோம். ஒன்று ஒரு கிலோவுக்கு மேல் எடை; முதுகுப்பைக்குள் எப்படி வைத்தாலும் முதுகை உறுத்துகிறது. இருந்தாலும் கயிறு கட்டும் திறமையை நம்பியிருக்கவேண்டாம் என்ற நிம்மதிக்கு அந்தச் சுமை தகும். இந்தப் பூங்காவின் மேற்கு வாசலிலிருக்கும் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில், காப்பகத்தில் வளரும் கிரிஸ்லிகளிடம் இத்தகைய உருளைகளை உணவுடன் கொடுத்து, அறுபது நிமிடம் கடித்தும் குதித்தும் உடைக்க விட்டுச் சோதிக்கிறார்கள். அதில் தாக்குப்பிடித்தவற்றுக்கே சான்று.

அந்தச் சான்றும் முடிவான சொல் அல்ல. நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைகளில், யெல்லோ-யெல்லோ என்று அழைக்கப்பட்ட சிறிய பெண் கருங்கரடி ஒன்று, பரவலாக விற்கும் கேனிஸ்டர் ஒன்றின் மூடியைத் திறக்கத் தானாகவே கற்றுக்கொண்டது. 2012-இல் வேட்டையில் இறக்கும் வரை அந்த வட்டாரத்தில் நடப்பவர்களுக்கு அது தீராத தலைவலியாக இருந்தது. கருவியை வாங்குமுன், போகுமிடத்துக் கரடிகளின் பழக்கத்தை அங்குள்ள ரேஞ்சரிடம் கேட்டுக்கொள்வது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மாலையில், பூங்காவுக்கு வெளியே ஒரு திறந்த மைதானத்தில், காரம் இல்லாத பயிற்சிக் கேனை வைத்து நால்வரும் பழகினோம். விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கேன் வாங்கியவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. கேன் முதுகுப்பைக்குள் இருக்கக்கூடாது. இடுப்புப் பட்டையிலோ மார்புப் பட்டையிலோ உள்ள உறையில், கை தானாகப் போய்ச் சேருமிடத்தில் இருக்கவேண்டும். ஆள்காட்டி விரல் கைப்பிடியின் வளையத்துக்குள் நுழைய, கட்டைவிரல் பாதுகாப்புக் கிளிப்பின் வளைந்த நுனியைப் பின்னோக்கி இழுக்கிறது. புதுக் கிளிப் எதிர்பார்ப்பதைவிட இறுக்கமாக இருக்கும். என் மனைவிக்கு முதல் இழுப்பில் வரவில்லை, கிளிப்பை நேராக இழுக்காமல் சற்று மேலாகத் தூக்கி இழுத்தபோது வந்தது. கட்டைவிரலால் அழுத்தியவுடன் கேன் மேல்நோக்கி உதைக்கிறது. அதனால் முதலிலேயே சற்றுத் தாழ்த்திப் பிடிக்கவேண்டும். பீச்சியது ஒரு கோடாகப் போகவில்லை. நான்கைந்து மீட்டருக்குள் அகன்று, ஆளுயர வெண்புகையாகித் தரையை ஒட்டி உருண்டு சென்றது. இடமிருந்து வீசிய மெல்லிய காற்றுக்கே அது இரண்டு மீட்டர் வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. பாய்ந்துவரும் கரடி பதினெட்டு மீட்டர் தொலைவில் இருக்கும்போதே தொடங்கவேண்டும் என்று பூங்கா நிர்வாகம் சொல்வதன் பொருள் அப்போதுதான் எங்களுக்குக் கண்முன் விளங்கியது: மேகம் உருவாகி நிற்பதற்கும் கரடி அதை வந்தடைவதற்கும் அந்த இடைவெளி தேவை. மூத்த நண்பர் திரும்பத் திரும்ப உருவிப் பார்த்தார். ஆயுதப் பழக்கம் உள்ளவர் ஆதலால் எங்கள் அனைவரையும்விட அவருடைய கை சீக்கிரம் படிந்தது.

சனி, ஸ்லூ கிரீக் தடம்

தொடக்கத்தில் டக்ளஸ் ஃபிர் மரங்களுக்கிடையே ஓர் ஏற்றம். அதைக் கடந்தால் முதல் புல்வெளி விரிகிறது. அகன்ற தடம் இது. பூங்கா எல்லைக்கு அப்பாலுள்ள பண்ணை ஒன்றுக்குக் குதிரை வண்டிகள் இன்றும் இதன் வழியாகத்தான் போகின்றன. டிரவுட் மீன் பிடிக்க வருவோரை ஆற்றோரத்தில் பார்த்தோம்.

முதுகுப்பையில் மணி கட்டிக்கொள்ளும் வழக்கத்தை எங்களுக்கு எதிரே வந்த சிலரிடம் கண்டேன். மணியோசை ஆற்றின் இரைச்சலில் கரைந்துவிடுகிறது. மனிதக் குரலைப்போல அது தொலைவுக்குப் போவதில்லை. நாங்கள் தடம் வளையும் இடங்களிலும், வில்லோப் புதர்கள் நெருங்கும் இடங்களிலும், காற்று எதிரே வீசும்போதும் உரக்கக் குரல் கொடுத்தோம், கைதட்டினோம். காற்று முகத்தில் அடித்தால் நம் வாடை முன்னே போகாது என்பதை எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது புல்வெளிக்கு முன்பாகத் தடத்தின் ஓரத்தில் கற்கள் புரட்டிப் போடப்பட்டு, புல்தரை பாய் சுருட்டியதுபோல் கிளறப்பட்டிருந்தது. குனிந்து பார்த்தோம். மண் இன்னும் ஈரமாக, வேர்கள் வெண்மையாக இருந்தன. ஓரத்து மண்ணில் ஐந்து நகக் கோடுகள் இணையாக, விரல் நுனியிலிருந்து வெகுவாக முன்தள்ளிப் பதிந்திருந்தன. கருங்கரடியின் நகம் குட்டையானது. இவ்வளவு நீளம் கிரிஸ்லிக்குத்தான். கிழங்கும் எலிவளையும் தேடி அது காலையில்தான் இங்கே தோண்டியிருக்க வேண்டும். நால்வரும் ஒருவரையொருவர் நெருங்கி நடந்தோம்.

ஞாயிறு, முகாம்

சமைப்பதும் உண்பதும் உணவை வைப்பதும் ஓரிடம். உறங்குவது அதிலிருந்து 91 மீட்டர் தள்ளி வேறோரிடம். பற்பசை, சோப்பு, உதட்டுக் களிம்பு எல்லாமே கேனிஸ்டருக்குள். சமைத்தபோது உடுத்திய சட்டையையும் கூடாரத்துக்குள் கொண்டுபோகவில்லை. அலாஸ்காவின் கட்மாய் பூங்காவில் புரூக்ஸ் முகாமைச் சுற்றி மின்வேலி போட்டிருக்கிறார்கள். முதுகில் சுமக்கும் சிறிய மின்வேலிகளும் கிடைக்கின்றன. ஒரே இடத்தில் பல நாள் தங்குவோருக்கு அது நல்ல தேர்வு. தினமும் நடப்பவர்களுக்கு அந்த எடை அதிகம் என்பது என் எண்ணம்.

இரவில் நண்பரின் தம்பி என்னிடம் கேட்டான்: "அண்ணா, கூடாரத்துக்குள்ளேயே வந்துட்டா என்ன செய்யறது?" இதற்கான பதில் தடத்தில் எதிர்ப்படும் கரடிக்கான பதிலிலிருந்து வேறுபட்டது. திடுக்கிட்டுத் தன்னையும் குட்டியையும் காக்கப் பாயும் கிரிஸ்லி உடலில் கை வைத்துவிட்டால், குப்புறப் படுத்து, கைகளைப் பிடரியில் கோத்து, முதுகுப்பையைக் கழற்றாமல் அசையாமல் கிடக்கவேண்டும். இரவில் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு வரும் கரடியோ, பின்தொடர்ந்து வந்து தாக்கும் கருங்கரடியோ நம்மை இரையாக நினைக்கிறது. அப்போது கையில் கிடைத்ததைக் கொண்டு போராடத்தான் வேண்டும். அதனால் ஸ்ப்ரேயும் தலைவிளக்கும் தலைமாட்டில் இருந்தன.

ஸ்ப்ரே இருந்தால் ஒன்றும் ஆகாது என்று அவனிடம் நான் சொல்லவில்லை. 2023 செப்டம்பரில் கனடாவின் பேன்ஃப் பூங்காவில், அனுபவம் மிகுந்த இணையர் இருவரும் அவர்களுடைய நாயும் கிரிஸ்லியால் கொல்லப்பட்டார்கள். அவர்கள் உணவை முறையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். தீர்ந்துபோன ஸ்ப்ரே கேனும் அங்கே கிடந்தது. அந்தக் கரடி மிக முதியது, பற்கள் கெட்டு மெலிந்திருந்தது. எல்லாம் சரியாகச் செய்தவர்களுக்கும் இப்படி நேரலாம் என்பதை அறிந்தே காட்டுக்குள் வரவேண்டும்.

திங்கள், திரும்பும் வழி

காலையில் முதல் புல்வெளிக்கு மேலுள்ள சரிவில், தோளில் திமில் தெளிவாகத் தெரிய ஒரு கிரிஸ்லி நின்றது. நூறு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தொலைவு. மூத்த நண்பரின் கேன் அதற்குள் உறையைவிட்டு வெளியே வந்திருந்தது. கிளிப்பின் மேல் கட்டைவிரல். யாரும் ஓடவில்லை. நால்வரும் ஒன்றாகச் சேர்ந்து நின்று, தணிந்த குரலில் பேசியபடி வந்த வழியே பின்வாங்கினோம். கரடி மூக்கைத் தூக்கிக் காற்றை நுகர்ந்தது. பிறகு எங்களைப் பொருட்படுத்தாமல் சரிவின் மறுபக்கம் இறங்கிப் போயிற்று. அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு நடந்தோம்.

பயன்படுத்தாத கேன்களை விமானத்தில் கொண்டுபோக முடியாது. இந்த வட்டாரத்தில் அவற்றைச் சேகரித்து முறைப்படி அப்புறப்படுத்தும் இடங்கள் உண்டு. எங்களுடையவற்றில் இரண்டை, நாளை உட்பகுதிக்குப் போகவிருந்த இளைஞர்களிடம் தேதியைக் காட்டிக் கொடுத்தோம். மீதி இரண்டைச் சேகரிப்புப் பெட்டியில் போட்டோம். அடுத்த கோடையில் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டிக்குப் போகலாம் என்கிறார் நண்பர். அங்கே கிரிஸ்லி இல்லை, கருங்கரடிகள் மட்டுமே. கரடி ஸ்ப்ரே அங்கே தடை செய்யப்பட்ட பொருள், கேனிஸ்டரோ உட்பகுதியில் கட்டாயம். ஆகவே உருளைகளை மட்டும் கழுவி, வெயிலில் காயவைத்து, பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறோம்.